எண்ணெய் என்னும் எழுவாய்

'விழிப்புணர்வு' என்ற சொல்லின் மேல் இன்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எய்ட்ஸ் விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு, ஹெல்மெட் விழிப்புணர்வு, பிளாஸ்டிக் ஒழிப்பு விழிப்புணர்வு என்று அது எந்தப் பெயரோடும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டதும் அந்தப் பெயருக்குள் இருக்கிற சண்டையைத் துடைத்துவிடுகிறது. ஒரு பேரணி, ஒரு மனிதச் சங்கிலி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, சான்றிதழ், குரூப் போட்டோ. முடிந்தது. இந்தச் சொல்லாடலின் அடியில் கிடக்கும் எடுகோள் ஒன்றுதான்: சனங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், யாராவது வந்து எழுப்ப வேண்டும். தூங்கியது யார், எழுப்ப வந்தது யார், தூங்கினதால லாபம் பார்த்தது யார் என்பதெல்லாம் இதற்குள் கேள்வியாகவே வராது.

எண்ணூர்க் கடலில் 2017 ஜனவரியிலும், எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரிலும் எண்ணெய் பரவியபோது தமிழில் எழுதப்பட்டவை, பேசப்பட்டவை, படமெடுக்கப்பட்டவை எல்லாவற்றையும் ஒரே பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. சூழலியல் அறிக்கை எழுதும் தகுதி எனக்கில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவன் கையில் இருக்கும் ஒரே கருவி இலக்கணம். அது எவ்வளவு தூரம் வெட்டும் என்று பார்ப்போம்.

*

2017 ஜனவரி 28 விடிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள், பெட்ரோலியப் பொருட்களோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம். இரண்டாவது கப்பலின் தொட்டியிலிருந்து வெளியேறியது கனமான உலை எண்ணெய். சுற்றுச்சூழலுக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதுதான் முதல் நாள் அறிவிப்பு. அடுத்து 20 டன் இருக்கலாம் என்றார்கள். கரையில் அள்ளிய கசடு நூறு டன்னைத் தாண்டியபோது அந்தக் கணக்கும் போனது. எண்ணெய் நீரோடு அடிபட்டுக் கலந்தால் மூன்று நான்கு மடங்காகப் பெருகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விளக்கமும் சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் பயன்பட்டதே தவிர, சொல்லாமல் விட்ட உண்மையைச் சொல்லப் பயன்படவில்லை.

பத்திரிகைகள் இதை 'எண்ணெய்க் கசிவு' என்றன. கசிவு! பானைக்கு உரிய சொல் அது. மண்பானை கசியும், அதனால்தான் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. கண் கசியும். பக்தி இலக்கியத்தில் மனம் கசிவது மேலான நிலை. மெதுவாக, கொஞ்சமாக, யாரையும் கேட்காமல், பொருளின் இயல்பிலேயே நடப்பது கசிவு. கப்பலின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, எர்ணாவூர்க் கரையில் பாறை இடுக்கெல்லாம் முழங்கால் அளவுக்குத் தேங்கிய ஒன்றுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? ஆங்கிலத்தில் இருப்பதைச் சட்டென்று தமிழாக்கிய அவசரம் என்று விட்டுவிடலாமா? அந்த ஆங்கிலச் சொல்லுக்குக்கூடச் சிந்துவது, கொட்டுவது என்றுதான் பொருள்.

வீட்டில் குழந்தை பால் டம்ளரைத் தட்டிவிடுகிறது. 'யாருடா கொட்டினது?' என்று கேட்டால், 'பால் கொட்டிடுச்சும்மா' என்கிறது. தமிழில் கொட்டு, சிந்து போன்ற வினைகள் இரண்டு பக்கமும் ஓடும். அவன் பாலைக் கொட்டினான், பால் கொட்டியது. இரண்டும் சரியான வாக்கியங்கள். குழந்தை தனக்கு வேண்டிய பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அடியிலிருந்து தப்பிக்க நான்கு வயதிலேயே நமக்குக் கைவரும் இலக்கணம் இது. கப்பல் கம்பெனிகளும் துறைமுகங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் அந்த வயதைத் தாண்டி வளர்வதில்லை. 'கசி' என்ற வினையில் அந்த இரண்டாம் பக்கமும் கிடையாது. 'கசியவிட்டான்' என்று வேறு ஒரு வினையைத் துணைக்கு இழுத்து வந்தால்தான் ஆள் வருவான். எண்ணெய் கசிந்தது. எழுவாய் யார்? எண்ணெய். குற்றவாளி யார்? அதே எண்ணெய்.

இனி அடுத்த வாக்கியம். 'எண்ணெய்ப் படலம் அகற்றப்பட்டது.' 'மீட்புப் பணி முடுக்கிவிடப்பட்டது.' கசிந்தபோது தன்வினையாக இருந்தது அள்ளும்போது செயப்பாட்டுவினையாகிவிடுகிறது. கசிவில் கம்பெனியைக் காணோம், அகற்றலில் கைகளைக் காணோம். மூன்றாவதாக ஒரு வாக்கியம் வரும்: 'அரசு நிவாரணம் அறிவித்தது.' அப்பாடா, செய்வினை! எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. ஆக, எண்ணெய் தானாக வந்தது, தானாகப் போனது, நடுவில் அரசு மட்டும் கொடுத்தது. மூன்று வாக்கியங்களையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கிற கதையாடல் இதுதான். இதை எழுதிய உதவி ஆசிரியர் யாரும் சதி செய்யவில்லை. கருத்தியல் என்பது சதி செய்யாமலே நடப்பதுதானே.

*

2017இல் நம் மனதில் நின்றது ஒரு வாளி. பிளாஸ்டிக் வாளியும் மக்கும் கொண்டு கறுப்புக் குழம்பை அள்ளிக் கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றிய இளைஞர்களின் படம். கழிவுநீர் உறிஞ்சும் வண்டிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். குழம்பின் கெட்டிக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. உடனே கேலி கிளம்பியது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்புகிற நாட்டில் வாளியா? நடுத்தர வர்க்கத்துக்கு வந்த கோபம் முழுக்க இந்தத் தொழில்நுட்ப அவமானத்தின் மேல்தான். 1996லேயே கடலோரக் காவல்படையின் பொறுப்பில் தேசிய எண்ணெய்ப் பேரிடர்த் திட்டம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியவர்கள் உண்டு, நியாயம்தான். ஆனால் வாளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாளியைப் பிடித்திருந்த கையை எவ்வளவு பார்த்தார்கள்?

அந்தக் கைகள் பலவகை. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக ஜனவரி 17 முதல் 23 வரை உட்கார்ந்திருந்த கூட்டத்தின் சூடு ஆறவில்லை. கடைசி நாளில் போலீஸ் அடித்து விரட்டியபோது பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவர்கள் கடற்கரைக் குப்பத்து மக்கள். அதற்கு நடுக்குப்பம் கொடுத்த விலை, எரிந்துபோன மீன் சந்தை. அது நடந்து ஐந்தாம் நாள் கப்பல்கள் மோதின. எர்ணாவூருக்கு வந்த மாணவர்களில் ஒரு பகுதியினரையாவது அந்தக் கடனும் நகர்த்தியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. முகக்கவசம் இல்லாமல், சரியான கையுறை இல்லாமல் நாள் முழுக்க அந்த நெடியில் நின்றவர்கள் அவர்கள். 'தன்னார்வலர் அரசியல் என்.ஜி.ஓ. அரசியல்' என்று ஒரே வரியில் தள்ளிவிடும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் தோலில் எண்ணெய் பட்டவனுக்கு அதற்குப் பிறகு கிடைக்கும் அறிவு வேறு.

ஆனால் மாணவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். கூலிக்கு வந்தவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், மீனவர்கள் அங்கேயே நின்றார்கள். 2023இல் இது இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. மிக்ஜாம் புயல் மழையில், டிசம்பர் 4ஐ ஒட்டி, மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, முகத்துவாரத்துக்கு வந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம். வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு. சதுப்பு மரங்களின் மூச்சு வேர்களிலும் அதே கோடு. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்கை எடுத்து, ஒரு வாரம் போன பிறகு அள்ளும் பணி வேகம் பிடித்தது. அள்ளியது யார்? வலையும் படகும் நாசமான அதே மீனவர்கள், நாட்கூலிக்கு, தங்கள் சொந்தப் படகுகளில்.

இழந்தவனே துப்புரவுக்காரனாகிறான். அவனுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்பதை 'மீனவர்களின் ஒத்துழைப்புடன்' என்று எழுதினார்கள். மனித மலத்தைக் கையால் அள்ளவைப்பதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்திருக்கிறது. ஆலையின் மலத்தைக் கையால் அள்ளுவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. இந்த நாட்டில் அழுக்கு எந்தத் திசையில் ஓடும், யார் கையில் போய் நிற்கும் என்பதைச் சாதி ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது. எண்ணெய்க்குப் புதிதாக வாய்க்கால் வெட்ட வேண்டியதில்லை. வாளியை நவீன இந்தியாவின் வெட்கம் என்று வாசிப்பது மேலோட்டமான வாசிப்பு. அது பழைய இந்தியாவின் தொடர்ச்சி.

*

2023இல் வாளியின் இடத்துக்கு வந்தது கூழைக்கடா. மார்பும் சிறகும் கறுத்து, பறக்க முடியாமல் கழியில் நின்ற பறவை. உலகம் முழுக்க எண்ணெய்ப் பேரழிவுகளுக்குப் பறவைதான் முகம். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டியபோதும் அதுதான். 1991 வளைகுடாப் போரில் எண்ணெயில் நனைந்த நீர்க்காகம் ஒன்று போரின் சின்னமாகவே ஆனது. குண்டு விழுந்து செத்த ஈராக்கியர்கள் திரையில் தெரியவில்லை, நீர்க்காகம் தெரிந்தது. அந்தப் போர் நடக்கவே இல்லை என்று போத்ரியார் எழுதியபோது இங்கே பலர் சிரித்தோம், சிலர் கொண்டாடினோம். அவர் சொன்னதன் ஒரு துண்டு இந்த நீர்க்காகத்தில் இருக்கிறது: பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் செய்வதற்கு மிகச் சிறந்த வழி, வேறொன்றைத் தெளிவாகக் காட்டுவது.

பறவையின் மேல் எனக்குக் கோபமில்லை. பறவைக்கு மனு எழுதத் தெரியாது, கோரிக்கை வைக்காது, சாதிச் சான்றிதழ் கேட்காது. பார்ப்பவனின் மனசு அதனிடம் எளிதாகக் கசிகிறது (இங்கே இந்தச் சொல் சரிதான்). குப்பத்து மனுஷன் பேச ஆரம்பித்தால் ஆலை எப்ப வந்துச்சு, சாம்பல் குழாய் எத்தனை தரம் உடைஞ்சுது, துறைமுகம் எங்க மணலை எங்க கொண்டுபோய்க் கொட்டுச்சு என்று கணக்குக் கேட்பான். மணலி ஆலை 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம், வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் துறைமுகம் என்று அதன் பிறகு வரிசை. 2023 டிசம்பரில் எண்ணெயை அள்ளி முடிப்பதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வெளியேறி, சனங்கள் நள்ளிரவில் எழுந்து ஓடினார்கள். இவர்களுக்கா விழிப்புணர்வு? நள்ளிரவில் எழுந்து ஓடியவனை எழுப்புவதற்கு என்ன இருக்கிறது.

*

தூங்கியவர்கள் நாம். குரோம்பேட்டையிலிருந்து சொல்கிறேன். இங்கிருந்து மின்சார ரயில் ஏறினால் பெரும்பாலான வண்டிகள் கடற்கரை நிலையத்தோடு நின்றுவிடும். பெயர்தான் கடற்கரை, அலை கண்ணில் படாது. எண்ணூருக்கு அதற்கப்புறம் வேறு வண்டி, வேறு சனம். தென்சென்னைப் புறநகர்க்காரனின் வரைபடம் பாரிமுனையோடு முடிகிறது. எரியும் பெட்ரோலும் சமைக்கும் காஸும் வீட்டில் எரியும் மின்சாரமும் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பது தெரியும், ஆனால் தெரிவதில்லை.

ஊர்ப்பெயராய்வு என்று ஒன்று தமிழ்த் துறைகளில் உண்டு. எம்.ஃபில்.லுக்கு ஆள் கிடைக்காத காலத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக எழுதித் தள்ளினார்கள். பாக்கம், வரம், சேரி, குப்பம் எல்லாம் அதில் வரும். குரோம்பேட்டை வருமா தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். தோலைப் பதப்படுத்தும் குரோமிய உப்புதான் ஊர்ப்பெயரின் முதல் பாதி. ஒரு ரசாயனத்தின் பெயரை ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலும் ரேஷன் கார்டிலும் அதை எழுதிக்கொண்டு, அது எதன் பெயர் என்று ஒருநாளும் கேட்காமல் வாழ்கிறோம். பக்கத்தில் நாகல்கேணி, பல்லாவரம் பகுதித் தோல் தொழிற்கூடங்கள் நிலத்தடி நீரை என்ன செய்தன என்பது அங்கே கிணறு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவனே அதற்கான செலவைத் தர வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னபோது, அதன் வரம்புக்குள் வந்த மாவட்டங்களில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. அதாவது நாம். இந்திய மாசு வழக்குகளில் மைல்கல் என்று சட்டக் கல்லூரிகளில் நடத்துகிற தீர்ப்பின் ஓரத்தில் நம் ஊர் இருக்கிறது. ஒரு தெருமுனைக் கூட்டத்தில்கூட இதைக் கேட்டதாக ஞாபகமில்லை.

அந்தத் தீர்ப்பின் வாக்கியத்துக்கு எழுவாய் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மாசுபடுத்தியவன். வினையாலணையும் பெயர்! வினையைச் செய்தவனை வினையாலேயே பிடித்து உட்காரவைக்கும் தமிழின் அருமையான வடிவம். 'கசிவு' என்ற தொழிற்பெயரால் முடியாததை இது செய்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2017 பிப்ரவரியில் நமக்கெல்லாம் வந்த விழிப்புணர்வு என்ன? 'மீன் வாங்காதீங்க.' செல்போனில் அதுதான் சுற்றியது. எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா அந்த வாரம் முழுக்கக் கூடையில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஆழ்கடல் மீனுக்கும் கரையோர மட்டிக்கும் எண்ணெய் ஒரே மாதிரி சேர்வதில்லை. ஓடுகிற மீன் தப்பிக்கும். சேற்றில் உட்கார்ந்து நீரை வடிகட்டித் தின்னும் மட்டியும் கழியில் தங்கும் இறாலும் நண்டும்தான் அதிகம் வாங்கிக்கொள்ளும். இந்த வித்தியாசத்தைச் சொல்லும் விழிப்புணர்வு எதையும் நான் பார்க்கவில்லை. கப்பல்காரனுக்கு ஒரு ரூபாய் நஷ்டமாவதற்கு முன்னால், கூடைக்காரிக்கு வியாபாரம் போய்விட்டது. நாம் விழித்ததன் முதல் பலன் அது.

*

இலக்கியத்துக்கு வருவோம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று படித்திருக்கிறோம். பிரிவில் இரங்குவது தலைவி, அது அகத்திணை. நிலத்தில் வாழ்பவர் எல்லோருக்கும் அது விதியாகாது. ஆனால் இரண்டாயிரம் வருஷப் பழக்கம், கடற்கரை என்றால் நமக்கு ஒப்பாரி கேட்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு வந்த கவிதைகளில் முக்கால்வாசி இந்த இரங்கல்தான். எண்ணூருக்கும் அப்படியே. கடலன்னை கறுப்புச் சேலை உடுத்தினாள், அலைகள் அழுதன, இந்த ரகம். இதை எழுதியவர்கள் நல்ல மனசுக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கவிதைகளிலும் அரசு அறிக்கையிலும் எழுவாய் ஒன்றுதான். அங்கே எண்ணெய் கசிந்தது, இங்கே கடல் அழுதது. இரண்டிலும் மனுஷன் இல்லை.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இரண்டும் இதைத் தாண்டியவை. அங்கே மீனவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், தொழில் மாறுவதைப் பற்றிக் கணக்குப் போடுகிறார்கள். இரங்கலுக்கு நேரமில்லாதவர்கள். ஆனால் அவை தென்கோடிக் கடற்கரை. ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வலை காயவைக்கும் வடசென்னைக் கழியின் நாவல் இன்னும் எழுதப்படவில்லை என்றே சொல்லுவேன்.

எழுதப்படாததை ஒரு பாட்டு ஓரளவு செய்தது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, 2017 ஜனவரி நடுவில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கப்பல்கள் மோதுவதற்கு இரண்டு வாரம் முன்பு. எண்ணூரின் சாம்பல் நிலத்திலேயே படமாக்கினார்கள். சென்னைத் தமிழை ராகமாலிகையில் வைத்ததைப் பலர் பாராட்டினார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். சங்கீதச் சண்டை நமக்கு வேண்டாம். அது செய்த முக்கியமான காரியம், 'புறம்போக்கு' என்ற வசவுச் சொல்லை வருவாய்த் துறைப் பதிவேட்டிலிருந்து உருவி, பொதுச் சொத்து என்ற அதன் பழைய அர்த்தத்துக்குத் திருப்பியது. ஒரு சொல்லை மீட்பது சின்ன வேலையில்லை. என் குறை ஒன்றுதான். பாடகர் நிற்கிறார், நிலம் பின்னால் விரிகிறது, அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் நிலத்தின் பகுதியாகவே தெரிகிறார்கள். பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்றால் நம்மைப் பார்த்து. அது சரியான முகவரிதான், மறுக்கவில்லை. ஆனால் குப்பத்தின் வாயிலிருந்து வரவேண்டிய கேள்வி சபாவின் வாயிலிருந்து வந்தது என்ற நெருடல் எனக்கு இன்றும் இருக்கிறது. நண்பர்கள் கோபிக்கலாம்.

கென் சாரோ விவாவை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. நைஜீரியாவின் ஒகோனி இனத்து எழுத்தாளர். 1995 நவம்பர் 10 அன்று அபாச்சாவின் ராணுவ அரசு அவரையும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. எழுத்தாளன் சூழலுக்காக உயிர்கொடுத்தான் என்ற தியாகி பிம்பம்தான் தமிழில் அதிகம் புழங்கியது. அவர் செய்த வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் வேறு தெரிகிறது. 1985இல் 'சோசாபாய்' நாவலை அவரே 'அழுகிய ஆங்கிலம்' என்று பெயரிட்ட தெருமொழியில் எழுதினார். தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர் நடத்தினார். 1990இல் ஒகோனி மக்களின் உரிமை சாசனம் வெளியானபோது அதன் பின்னால் இருந்தவர்களில் அவர் முக்கியமானவர். சாசனத்தில் அழுகை கிடையாது: எங்கள் மண்ணிலிருந்து இவ்வளவு எண்ணெய் எடுத்தீர்கள், எங்களுக்கு இவ்வளவுகூட வரவில்லை, எங்கள் விவகாரத்தை நாங்களே நடத்த வேண்டும். கணக்கு, கோரிக்கை. ஷெல் என்ற கம்பெனியின் பெயர் அதில் உண்டு. ராப் நிக்ஸன் 2011இல் எழுதிய 'மெதுவான வன்முறை' பற்றிய நூலில் சாரோ விவாவுக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது: வெடிக்காத, எரியாத, வருஷக்கணக்கில் ஊறும் வன்முறையைக் கதையாக்குவது எழுத்தாளனுக்குச் சவால் என்பது அவர் வாதம். அதே ஆண்டு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, ஒகோனி நிலத்தைச் சுத்தப்படுத்த 25, 30 வருஷம் ஆகும் என்றது. தூக்கு மேடையைத்தான் நாம் பார்த்தோம், அந்தச் சாசனத்தை எத்தனை பேர் வாசித்தோம்?

அலாஸ்காவில் நடந்தது இன்னொரு விதம். அங்கே எழுவாய் காணாமல் போகவில்லை, சிறிதாகிவிட்டது. குடிகார கேப்டன் என்ற ஒரே ஆள்மேல் கதை முழுவதும் இறங்கியது. கம்பெனிக்கு அது வசதி. இருந்தாலும் அந்தக் கோபம் 1990இல் ஒரு சட்டமாயிற்று. எண்ணெய்க் கப்பலுக்கு இரட்டைச் சுவர் கட்டாயமானது. கம்பெனிக்கு நடுவர் குழு 1994இல் விதித்த 500 கோடி டாலர் தண்டத்தை 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சுமார் 50 கோடியாக வெட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பறவைப் படம் சட்டத்தைக் கொண்டுவரும். தண்டத்தை வசூலிக்க அது போதாது.

*

உதவி பற்றி. 2023இல் ஆலை நிர்வாகம் முதலில் தங்கள் குழாய் எதிலும் கசிவில்லை என்றது. அதாவது வெள்ளம்தான் எழுவாய். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வளாகத்தைச் சுட்டியது. பிறகு சுமார் 73 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு என்றும் கணக்கிட்டது. இதற்கிடையில் தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன், அடுப்பெரிய வேண்டும். ஆனால் இந்தப் பட்டியலையும் வாசிக்கலாம். அதில் இரண்டு அலகுகள்தான்: குடும்பம், படகு. கழியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்குப் படகு எது? அவருடைய வலை அவருடைய விரல்தான். அந்த விரலுக்கு எண்ணெய் பட்டால் எந்தக் கலத்தில் எழுதுவது? தலைச்சுமையாக விற்கும் பெண்ணின் கூடை எந்த அலகு? விழிப்புணர்வு என்று ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்கிற நண்பர்கள், பேரணியை விட்டுவிட்டு, இந்த இரண்டு பேரையும் எழுதுவதற்கு ஒரு கலம் சேர்க்க வைக்கலாம். அது அலுப்பான வேலை. மனு, நகல், ஆர்.டி.ஐ., தாலுகா ஆபீஸ், போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைப்பது, எந்த நாளில் எந்தக் குப்பத்தில் எவ்வளவு நாள் தொழில் இல்லை என்று நோட்டில் குறிப்பது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு: நூறு பிரதி விற்காத இதழுக்கும் பத்து வருஷம் கணக்கு வைத்திருப்போம். அந்தப் பிடிவாதத்தை அங்கே கொண்டுபோகலாம்.

'கசிவு' என்பதை நம் பக்கங்களிலாவது நிறுத்தலாம். 'கொட்டல்' என்று சொல்லலாம், நன்றாக இல்லையென்றால் வேறு சொல் தேடலாம். எண்ணூர்க்காரர்கள் 'ஆயில் உட்டுட்டான்' என்றால் அதை அப்படியே எழுதலாம். விட்டுவிட்டான். ஆண்பால் படர்க்கை ஒருமை, எழுவாய் விகுதியிலேயே இருக்கிறது.

2023 மார்ச் 2ஆம் தேதி, எண்ணூருக்கு ஒன்பது மாதம் முன்பு, நாகூர் பட்டினச்சேரிக் கடலோரத்தில் இதே நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. அடைத்துவிட்டோம் என்றார்கள். மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்து கடற்கரையில் உட்கார்ந்தார்கள். அடைப்பு வேண்டாம், சுத்தம் செய்வது வேண்டாம், குழாயை எடு என்றார்கள். எழுவாய் முன்னிலை, வினை ஏவல். பேச்சுவார்த்தைக்குப் பிறகு குழாயை அகற்ற நிறுவனம் ஒப்புக்கொண்டது.